புங்கமரத்தடிச் சருகு

2025 அக்டோபர் 4
விடிகாலையில் வேலூர்க் கோட்டை அகழியோரம் நடந்தேன். கருங்கல் விளிம்பில் ஒரு சாம்பல் வாலாட்டி. அடிவயிறு மஞ்சள், வால் ஓயாமல் மேலும் கீழும் ஆடுகிறது. இமயமலை ஓடைக்கரைகளில் கூடு கட்டுகிற பறவை. என் கண்ணில் பட்ட இந்த வருஷத்து முதல் விருந்தாளி.

அக்டோபர் 8
எங்கள் பக்கத்துப் பூங்காவில் சருகைக் கூட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. ஆறுமணிக் குருவி வருகிற நேரம் இது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடிகிறபோதும் இருட்டுகிறபோதும் இரண்டே சுரத்தில் விசிலடிக்கும், அதனால்தான் அந்தப் பேர். தரையில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டி, அடியில் இருக்கிற புழு பூச்சியைத் தின்னும். சுத்தமாகக் கூட்டிவிட்ட தரை அதற்குக் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி.

அக்டோபர் 9
கூட்டுகிற அக்காவிடமே கேட்டேன், வேலியோரப் புங்கமரத்தடியை மட்டும் விட்டுவிட முடியுமா என்று. “இன்னா தம்பி, குப்பைய வுட்டா என்னத்தான கேப்பாங்க?” நியாயம்தான். போனில் படத்தைக் காட்டினேன். பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று நீலம், குட்டை வாலுக்கு அடியில் சிவப்பு. ரொம்ப நேரம் பார்த்தார். “இது நம்மூருக்கா வருது?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 13
புங்கமரத்தடியில் சருகு அப்படியே கிடக்கிறது! குருவி இல்லை. கரண்ட் கம்பியில் தகைவிலான்கள் மட்டும்.

அக்டோபர் 17
ராத்திரி நல்ல மழை. சருகு ஊறிக் கிடக்கிறது, இனி புழுவுக்குக் குறைவிருக்காது. வேலமரத்தில் பழுப்புக் கீச்சான் ஒன்று கரகரவென்று கத்தி இடம் பிடித்துவிட்டது. கோடை வரைக்கும் இன்னொன்றை அண்டவிடாது.

அக்டோபர் 20
தீபாவளி. பூங்காவுக்குப் போகவில்லை. ஆறுமணிக் குருவி ராத்திரியில்தான் பறந்து வரும். களைத்துப்போய் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடப்பதும் உண்டு. இத்தனை வெடிக்கும் புகைக்கும் நடுவில் எங்கே இறங்குமோ. தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 23
மணி ஆறாகவில்லை. கேட்டைத் தாண்டும்போதே விசில் கேட்டது. இரண்டு சுரம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு சுரம். ஓடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். புங்கமரத்துக்கு இருபதடி தள்ளி அக்கா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார். பேசாதே என்று கையைக் காட்டினார். சருகு அசைந்தது, நீலம் தெரிந்தது.

“முந்தாநேத்தே வந்துடுச்சு தம்பி,” என்றார் மெதுவாக. “நான் அந்தாண்ட போவவே இல்ல.”