ஜோன் கார்ப்பெண்டரும் எங்கள் மிருதங்க சேரும்

நம் பாடசாலையின் அதிபர்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் இந்த மலரில் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் ஜோன் கார்ப்பெண்டரைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்கர். திகில் படங்கள் எடுத்தவர், அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தானே இசையும் அமைத்தவர். திருகோணமலையில் உயர்தரம் படித்த நாட்களில் வகுப்பில் மற்றவர்கள் ரஜினியா கமலா என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்க, பின் வாங்கில் இருந்த எங்கள் சிறு கூட்டம் கார்ப்பெண்டரின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. அந்தக் கூட்டத்தில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் வீடியோ டெக் கொண்டுவந்த காலம். உவர்மலையில் ஒரு நண்பனின் அண்ணர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இரவில் றோட்டில் நடமாட முடியாது, ஆகவே பின்னேரமே போய் இருந்துவிட்டு விடிந்த பிறகுதான் வீடு திரும்புவோம். வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க யன்னலுக்குப் போர்வை கட்டுவார்கள். முதலில் தமிழ்ப் படங்கள். பெரியவர்கள் நித்திரைக்குப் போன பிறகு அண்ணர் இங்கிலீஷ் கசற்றை எடுப்பார். கொப்பியிலிருந்து கொப்பி எடுத்து எத்தனை கை மாறி வந்ததோ, சிவப்பெல்லாம் கரைந்து ஓடும், முகங்கள் மங்கலாக இருக்கும். சத்தம் மட்டும் நன்றாக இருந்தது. நான் கார்ப்பெண்டரை முதலில் காதால்தான் அறிந்தேன் என்று சொல்வேன்.

அப்படிப் பார்த்த முதற்படம் 'ஹலோவீன்'. 1978 இல் வந்தது. 3 இலட்சம் டொலருக்குச் சற்று மேலான செலவில், சுமார் 20 நாட்களில் எடுத்த படம். இலையுதிர் காலத்தில் நடக்கும் கதையை வசந்த காலத்தில், கலிபோர்னியாவில் எடுத்தார்கள். அதனால் காகித இலைகளுக்கு நிறம் பூசித் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி அடுத்த காட்சிக்கு வைத்துக்கொண்டார்கள். கொலைகாரன் போட்டிருக்கும் முகமூடி கடையில் மலிவாக வாங்கியது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கப்டன் கேர்க்கின் முகம் அது. வெள்ளை அடித்து, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கியதும் யாருடைய முகமும் இல்லாததாகிவிட்டது. படத்தில் இரத்தம் ஏறக்குறைய இல்லை. இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை, போட்டுப் பாருங்கள்.

இசை சேர்ப்பதற்கு முன் ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவருக்குப் பயமே வரவில்லை. அப்புறம் கார்ப்பெண்டர் பியானோவையும் சிந்தசைசரையும் வைத்துச் சில நாட்களில் இசையைச் செய்து முடித்தார். திரும்பத் திரும்ப வரும் சில சுரங்கள், கீழே ஒரு உறுமல், அவ்வளவுதான்.

படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் வகுப்பில் நண்பன் மேசையில் அந்த மெட்டின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். வாசலால் போன மிருதங்க சேர் நின்றுவிட்டார்.

"என்னடா தாளம் அது?"

"இங்கிலீஷ் படத்தில வாறது சேர்."

"திரும்பத் தட்டு."

அடி விழும் என்று நினைத்துக்கொண்டு அவன் தட்டினான். சேர் கண்ணை மூடி விரலில் எண்ணினார். "தகிட தகிட தக தக. பத்து. கண்டத்தை, அதான் அஞ்சடியை, ரெண்டு மடங்காக்கி, மூண்டு மூண்டு ரெண்டு ரெண்டாப் பிரிச்சிருக்கிறான். நடந்து போறவனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு படி குறையிற மாதிரி இருக்கும். கால் தடுமாறும். அதுதான் உங்களுக்குப் பயம்." சொல்லிவிட்டுச் சிரித்தபடி போய்விட்டார். படத்தை அவர் பார்த்ததில்லை, பெயரையும் கேட்கவில்லை.

லண்டனுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நேர்காணலில் வாசித்தேன். கார்ப்பெண்டரின் தகப்பனார் ஹவார்ட் கார்ப்பெண்டர், கென்டக்கி மாநிலத்தின் போலிங் கிரீன் ஊரில் இசைப் பேராசிரியர். பதின்ம வயது மகனுக்கு ஒரு சோடி பொங்கோ மேளத்தை வாங்கிக் கொடுத்து, ஐந்தடித் தாளத்தைத் தட்டப் பழக்கியவர் அவர்தான். அந்தப் பயிற்சியிலிருந்துதான் 'ஹலோவீன்' இசை வந்ததாக மகன் சொல்லியிருக்கிறார். ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை, உலகத்தின் மறு பக்கத்தில் ஒரு மிருதங்க வித்துவான் மேசைத் தட்டலிலிருந்தே பிரித்து எடுத்திருக்கிறார். அதை வாசித்த அன்று சேரிடம் போய்ச் சொல்ல மனம் துடித்தது. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

லண்டனில் நான் கண்ட இன்னொரு விஷயமும் உண்டு. கார்ப்பெண்டர் தன் படங்களை மிக அகலமான சட்டகத்தில் எடுப்பவர். உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். எங்கள் பழைய ரீவிக்கு ஏற்றபடி கசற்றில் பதியும்போது இரண்டு பக்கமும் வெட்டிவிடுவார்கள், ஏறக்குறைய பாதிப் படம் போய்விடும். இங்கே ஒரு தியேட்டரில் 'ஹலோவீனை' முழு அகலத்தில் பார்த்தபோது, நான் அதுவரை பார்த்தது அரைப்படம் என்று விளங்கியது. அவருடைய பயம் முழுக்க ஓரங்களில் இருக்கிறது. நடுவில் பெண்பிள்ளைகள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு கதைத்தபடி நடக்கிறார்கள், பக்கத்தில் வெறும் தெரு, மதில், வேலி. அந்த வெற்றிடத்தை நீங்கள் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அங்கே ஒன்றும் வராது. கடைசிப் பகுதியில் கதாநாயகி இருட்டான ஒரு அறை வாசலுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறாள். அந்த இருட்டுக்குள்ளிருந்து வெள்ளை முகம் மெல்ல மெல்லத் தெரியத் தொடங்குகிறது. அவன் நடந்து வரவில்லை, முன்பே அங்கேதான் நின்றிருக்கிறான், நம் கண்தான் பிந்திக் காண்கிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி விளக்கின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்த வேலை அது. உவர்மலை வீட்டில் எங்களுக்கு அந்த ஓரங்கள் கிடைக்கவில்லை. ஆனாலும் பயந்தோம். வெட்டுப்பட்டுப் போன பாதியை இசை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

'த ஃபொக்' 1980 இல் வந்தது. திருகோணமலைக்காரருக்கு அது சொந்தப் படம். கடலோரச் சிற்றூர், குடா, வெளிச்சவீடு, நூறு வருடத்துக்கு முன் பாறையில் மோதி மூழ்கிய கப்பல். நள்ளிரவு நெருங்கும் நேரம் கடற்கரையில் நெருப்பு மூட்டி, ஒரு கிழவர் பிள்ளைகளுக்கு அந்தக் கப்பலின் கதையைச் சொல்வதோடு படம் தொடங்கும். எடுத்த படம் திருப்தி தராமல், பிறகு புதிதாக எடுத்துச் சேர்த்த காட்சிகளில் அதுவும் ஒன்று. டச்சுக் குடாக் கடற்கரையில் பின்னேரங்களில் இருந்து கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தக் காட்சி பழகியது போல இருக்கும். கோணேசர் மலையடியில் கடலுக்குள் கிடக்கும் தூண்களையும் சிலைகளையும் பற்றி எங்கள் பெரியவர்கள் அதே குரலில்தான் சொல்வார்கள்.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வெளிச்சவீட்டில் தனியாக இருந்து சிறு வானொலி நிலையம் நடத்தும் பெண். மூழ்கிய கப்பலில் செத்தவர்களோடு மூடுபனி ஊருக்குள் வரும்போது உயரத்திலிருந்து அவளுக்கு மட்டும்தான் அது தெரிகிறது. எந்தத் தெருவால் வருகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும், தேவாலயத்துக்குப் போங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தன் மகன் வீட்டில் இருக்கிறான், அவளால் போக முடியாது, யாராவது அவனைக் காப்பாற்றுங்கள் என்று வானொலியில் கெஞ்சுகிறாள். கரண்ட் இல்லாத இரவுகளில் பற்றறி றேடியோவைச் சுற்றி இருந்து பிபிசி தமிழோசையைக் கேட்ட ஒரு தலைமுறைக்கு அந்தக் குரலின் பெறுமதி தெரியும். எங்கே பிரச்சினை, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று இருட்டுக்குள் ஒரு குரல் சொல்லும், சமையல் செய்யும் அம்மாவும் கரண்டியைக் கையில் பிடித்தபடி வந்து நிற்பார்.

'த திங்' பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. 1982 யூன் மாதம் வெளியானது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அன்பான வேற்றுக்கிரகவாசியோடு ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' வந்து உலகம் முழுக்க அழுதுகொண்டிருந்தது. கார்ப்பெண்டரின் வேற்றுக்கிரக உயிர் அந்தாட்டிக்காவில் அகப்பட்ட 12 ஆண்களில் எவரையும் விழுங்கி அவரைப் போலவே ஆகிவிடும். படம் விழுந்தது. விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். இசை இத்தாலியின் எனியோ மொறிக்கோனி. கார்ப்பெண்டர் அவரிடம் சுரங்களைக் குறைக்கும்படி கேட்டார், அவரும் இதயத் துடிப்பு மாதிரி இரண்டே அடிகளில் ஒரு மெட்டைக் கொடுத்தார். அந்த வருடத்தின் மிக மோசமான இசைக்கான கேலி விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது! அந்தப் படத்துக்காக எழுதிப் பயன்படாமல் போன பகுதிகளில் சிலவற்றை மொறிக்கோனி 2015 இல் 'த ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் சேர்த்தார். அந்தப் படத்தின் இசைக்கு அவருக்கு ஒஸ்கார் கிடைத்தது.

உருமாற்றக் காட்சிகளைச் செய்த ரொப் பொட்டின் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். கணினி இல்லாமல் ரப்பரிலும் பசையிலும் அவர் செய்தவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமான காட்சி வேறு. சந்தேகப்பட்டவர்களைக் கதிரையில் கட்டி இருத்திவிட்டு, ஒவ்வொருவர் இரத்தத்தையும் ஒவ்வொரு கண்ணாடித் தட்டில் எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதில் தொடுவார்கள். மனித இரத்தமென்றால் சீறி அடங்கும். மற்றதென்றால் துள்ளி ஓடும். ஒன்று, இரண்டு என்று தட்டுகள் போகின்றன. இந்த இடத்தில் இசையே இல்லை. காற்றும் கம்பி படும் சத்தமும் மட்டும்.

நாங்கள் இதைப் பார்த்த ஊரில், சுற்றிவளைப்பில் மைதானத்தில் வரிசையாக இருத்தப்பட்டு, சாக்கால் முகம் மூடி, தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராகப் போன ஆட்கள் இருந்தார்கள். எங்களோடு அன்று தரையில் இருந்து படம் பார்த்தவர்களிலேயே ஒருவர் போய் வந்தவர். தலை ஆடுமா ஆடாதா என்று பார்த்தபடி நிற்கும் அந்தச் சில செக்கன்கள். சாக்குக்குள் இருப்பது யார், நேற்றுவரை நம்மோடு பந்து விளையாடியவனா? பனிப்பாலைவனத்தில் நடக்கும் கதை ஒன்றில் கார்ப்பெண்டர் அந்தச் செக்கன்களைச் சரியாகப் பிடித்திருந்தார். அண்ணர் அந்தக் காட்சியின் நடுவில் கசற்றை நிறுத்தி, அப்படிப் போய் வந்தவரைப் பார்த்து, "தம்பி, பார்ப்பமா, காணுமா?" என்று கேட்டார். அவர் "விடுங்கோ அண்ணை, முடிவு தெரியவேணும்" என்றார். முடிவில் இரண்டு பேர் எரியும் முகாமுக்கு முன்னால் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் மற்றவரில் நம்பிக்கை இல்லை, படம் அப்படியே நிற்கிறது. அமெரிக்க ரசிகர்களுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை என்று பின்னாளில் வாசித்தேன். எங்களில் ஒருவரும் குறை சொன்ன ஞாபகம் இல்லை.

மற்றப் படங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1988 இன் 'தே லிவ்' இப்போது பார்த்தால் முன்பைவிட நன்றாக இருக்கிறது, விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கட்டளைகளைக் கறுப்புக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும் கதை. 1994 இன் 'இன் த மௌத் ஒஃப் மட்னெஸ்' அவருடைய கடைசிப் பெரிய படம் என்பது என் கணிப்பு. 2001 இன் 'கோஸ்ட்ஸ் ஒஃப் மார்ஸ்' எனக்குச் சரிவரவில்லை, அவருடைய ரசிகர்களில் அதற்கு வாதாடுபவர்கள் உண்டு, வாதாடட்டும்.

படம் எடுப்பது குறைந்த பிறகுதான் இசைக்காரர் கார்ப்பெண்டர் முழுதாக வெளியே வந்தார். 2015 இல் 'லொஸ்ட் தீம்ஸ்' என்ற இசைத்தட்டு, அப்புறம் அதே வரிசையில் 2016, 2021, 2024 ஆம் ஆண்டுகளில். எடுக்கப்படாத படங்களுக்கு எழுதிய இசை மாதிரி இருக்கும். கூட வாசிப்பவர்கள் மகன் கோடியும், ஞானமகன் டானியல் டேவிஸும். தகப்பன் மகனுக்குக் கற்றுக் கொடுத்த கதை அந்தக் குடும்பத்தில் இன்னும் தொடர்கிறது. 2018 இல் புதிய 'ஹலோவீன்' வந்தபோது மூவருமாகத்தான் பழைய மெட்டைத் திரும்ப வாசித்தார்கள்.

2016 இல், 68 வயதில், அவர் முதல் முறையாக இசைக்குழுவோடு சுற்றுப்பயணம் வந்தபோது லண்டனில் போய்ப் பார்த்தேன். கூட வந்தவன் அன்று மேசையில் தாளம் தட்டிய அதே நண்பன். பின்னால் திரையில் படங்கள் ஓட, முன்னால் கறுப்பு உடுப்பில் மெலிந்த, நரைத்த மனிதர் கீபோர்ட்டில் நின்றார். 'தே லிவ்' வந்தபோது குழுவினர் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். 'ஹலோவீன்' மெட்டுத் தொடங்கியதும் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெடியன்கள் தாளத்துக்குக் கைதட்டப் பார்த்து, நாலடிக்குத் தட்டி, ஒவ்வொரு சுற்றிலும் பிசகினார்கள். நண்பன் தொடையில் தகிட தகிட தக தக என்று போட்டான். கடைசிவரை ஒரு அடிகூடப் பிசகவில்லை. முன்னால் நின்ற ஒருவன் திரும்பி இவன் கையைப் பார்த்து, அதையே பழகிக்கொண்டு தட்டத் தொடங்கினான்.

நம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்க்க விரும்பினால் 'த ஃபொக்கில்' தொடங்கலாம், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு சேர்ந்து இருந்து பார்க்கக்கூடியது. 'ஹலோவீனைக்' கட்டாயம் முழு அகலத்தில் பாருங்கள். கைத்தொலைபேசியில் வேண்டாம். 'த திங்' வளர்ந்தவர்களுக்கு, அதுவும் மனம் திடமாக இருக்கும் நாளில். ஊரில் மைதானத்தில் இருத்தப்பட்டவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.