அம்மாவுக்கு ஒரு கைப்பிடி

முதல் இணைப்பை நானே சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது அடியில் குழாய் கழன்று விழுந்தது. வெளியே தடித்து, பளபளப்பாக இருந்த வெல்டிங்கின் உள்ளே கறுப்புக் கசடுதான் பட்டையாகப் படிந்திருந்தது. மூட்டு வலியோடு நடக்கும் அம்மா பிடித்துக்கொள்ளப் பின்கட்டில் போட நினைத்த கைப்பிடி அது. அவர் முழு பாரத்தையும் அதன்மேல்தான் சாய்ப்பார். நினைக்கவே வயிற்றைக் கலக்கியது.

உடைந்த துண்டைத் தெருமுனைப் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். "நேராக அறுத்த குழாய் உருண்டைக் குழாயின்மேல் எப்படியப்பா உட்காரும்? இடைவெளியை எல்லாம் வெல்டிங் ராடு உருகி அடைத்துவிடாது, தம்பி" என்றார்.

நிற்கும் தூண், அதன்மேல் படுக்கும் கைப்பிடி இரண்டும் 42 மி.மீ. விட்டமுள்ள குழாய்கள். நிற்கும் குழாயின் தலையை மீன்வாய் போல அறுக்க வேண்டும்: எதிரெதிரே இரண்டு பள்ளம், நடுவே இரண்டு காது. பள்ளத்தின் ஆழம் விட்டத்தில் ஏறக்குறைய பாதி. கிரைண்டரால் அறுத்துவிட்டு, அரைவட்ட அரத்தால் ராவிக்கொண்டே இருந்தேன். காதுகளின் நுனி கத்திபோல மெலிந்துவிடுகிறது. அப்படியே சூடு வைத்தால் உருகி ஓட்டை விழும். அதனால் நுனியை மழுக்கினேன். பொருத்திப் பார்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளி ஊடுருவாத வரை மறுபடி அரம். ஒரு முனைக்கே முக்கால் மணி நேரம் ஆனது. முழு வேலையின் பலமும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது என்பேன்.

ஜி.ஐ. குழாய், அதாவது துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் என்பதால் இணைப்பைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்தோம். முந்தைய நாள் பூச்சை எடுக்காமலே பற்றவைத்து, துத்தநாகம் எரிந்து வந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்துவிட்டு, இரவெல்லாம் குளிர்காய்ச்சலில் கிடந்தேன். தயவுசெய்து யாரும் அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

குழாயை நிலைநிறுத்த முதல் பொட்டு (சின்ன வெல்டிங் புள்ளி) வைத்ததும் குழாய் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆறும் இரும்பு சுருங்கும் அல்லவா? செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்தால் நூலிழை வெளிச்சம் தெரிந்தது. லேசாகத் தட்டி நிமிர்த்தி, நேர் எதிரில் அடுத்த பொட்டு. பிறகு மற்ற இரு பக்கங்களிலும். அதன்பின் 2.5 மி.மீ. ராடு, 75 ஆம்பியர். கால்வட்டம் பற்றவைத்து, கசடைக் கொத்தி, கம்பி பிரஷால் தேய்த்து, எதிர்ப்பக்கம் போனேன்.

ஆறியதும் அதே சுத்தியலை எடுத்தேன். குழாய் நசுங்கியது, இணைப்பு அசையவில்லை. அதன் பிறகுதான் அம்மாவுக்கான மூன்று தூண்களை அறுக்க ஆரம்பித்தேன்.