மருந்துக் கணக்கில் என்னைக் கவிழ்த்த ஹெப்பரின் குப்பி

நர்ஸ் வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் மருந்துக் கணக்குத் தேர்வு. பத்துக் கேள்வியும் சரியாக இருந்தால்தான் ஐ.வி. மருந்தை, அதாவது ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்தைத் தொட விடுவார்கள். எனக்கு ஒன்பது சரி.

விழுந்தது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினில். டோஸ் 3000 யூனிட். கொடுத்த 5 மி.லி. குப்பியில் 5000 என்று பெரிதாக இருந்தது. 5000 : 5 = 3000 : ? என்று எழுதி, 3 மி.லி. என்று முடித்துவிட்டேன். படிக்கும்போது நான் பார்த்த குப்பியில் மொத்தமே 5000 யூனிட்தான். இதிலோ ஒரு மி.லி.க்கே 5000. விடை 0.6 மி.லி. நிஜ நோயாளி என்றால் 15,000 யூனிட் ஏறியிருக்கும். நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

தேர்வு வைத்தவர் எங்கே தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. "அடுத்த வாரம் வாங்க", அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க பி.பி. பார்ப்பதும் சார்ட் எழுதுவதும்தான் என் வேலை. வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்தான் இரண்டு குப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "மனசுலேர்ந்து எழுதாதம்மா, லேபிளைப் பார்த்து எழுது." மறுதேர்வில் பத்தும் சரி.

பொடி மருந்திலும் கவனம் வேண்டும், பொடியும் இடம் பிடிக்கும். 1 கிராம் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் பொடியில் கரைக்கும் திரவம் 9.6 மி.லி. ஊற்றினால்தான் மொத்தம் 10 மி.லி. ஆகி, மி.லி.க்கு 100 மி.கி. வரும். குப்பியோடு வரும் தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்துக் குழந்தைகள் வார்டில் நைட் டியூட்டி. 6 கிலோ குழந்தைக்கு அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக் 90 மி.கி. வார்டில் எப்போதும் இருப்பது 2 மி.லி.யில் 100 மி.கி. குப்பி, அதனால் தினமும் 1.8 மி.லி. எடுப்போம். அன்று ஃபார்மசியிலிருந்து வந்ததும் அதே 2 மி.லி. குப்பிதான், ஆனால் லேபிளில் 500 மி.கி. பழக்கத்தில் 1.8 எடுத்திருந்தால் 450 மி.கி.; சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து அது. 500 : 2 = 90 : ? என்று புதிதாக எழுதினேன். 0.36 மி.லி. இன்னொரு சிஸ்டரைத் தனியாகக் கணக்குப் போடச் சொன்னேன், அவருக்கும் அதே விடை. 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்தோம்.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் இரண்டு அளவுக்கும் தனித்தனி டிரே வைக்கச் சொன்னார். லேபிளை நானே எழுதி ஒட்டினேன்.