ரிப்பேரா, செகண்ட் ஹேண்டா? முதல்ல எது போச்சுன்னு பாருங்க

வீட்ல ஒரு மெஷின் நின்னுபோச்சுன்னா போதும், யார்கிட்ட சொன்னாலும் ஒரே பதில்தான் வரும், "அதுக்கு எதுக்கு செலவு பண்ற, யூஸ் பண்ணினது ஒண்ணு நல்ல கண்டிஷன்ல கெடைக்கும், வாங்கிப் போடு". கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம மெஷின்ல என்ன போச்சுன்னு கொஞ்ச நேரம் உக்காந்தா நமக்கே தெரிஞ்சிடும், அடுத்தவங்க மெஷின்ல அடுத்து என்ன போகப்போகுதுன்னு விக்கிறவங்களுக்கே பாதி நேரம் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாங்க. அதனால என் ஓட்டு முதல்ல ரிப்பேருக்குத்தான். கண்ணை மூடிக்கிட்டு இல்ல, அதுக்கு ஒரு கணக்கு இருக்கு.

கணக்கு இதுதான். தேயறதுக்குன்னே வச்ச பார்ட் போயிருந்தா மாத்துங்க, மெஷினோட உயிரே போயிருந்தா விட்டுடுங்க. கார்பன் பிரஷ், பெல்ட், கெபாசிட்டர், டோர் லாக், டிரெயின் பம்ப், கதவு ரப்பர் இதெல்லாம் முதல் ரகம். ஃப்ரிட்ஜ்ல கம்ப்ரஸர், காஸ் லைன் லீக், வாஷிங் மெஷின்ல டிரம் பேரிங், இதெல்லாம் ரெண்டாவது ரகம். வில்லங்கம் என்னன்னா வெளிய இருந்து பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், சின்ன பார்ட் போனாலும் மெஷின் செத்த மாதிரிதான் கெடக்கும்.

ஃப்ரிட்ஜையே எடுத்துக்கோங்க. உள்ள லைட் எரியுது, கூலிங் இல்ல, பின்னாடி சில நிமிஷத்துக்கு ஒரு தடவ 'டிக்'னு ஒரு சத்தம். இதக் கேட்டதுமே கம்ப்ரஸர் அவுட்னு முடிவு பண்ணி புதுசு பாக்கப் போறவங்க நிறைய. கம்ப்ரஸர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு, அதக் கிளப்பிவிடறதுக்குன்னே ஒரு சின்ன ஸ்டார்ட் ரிலே இருக்கும், பிளக்கைப் பிடுங்கிட்டு அதக் கழட்டி காதுக்குப் பக்கத்துல வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள கலகலன்னு சத்தம் வந்தா அதுக்குள்ள இருக்கிற வில்லை உடைஞ்சிருக்கு, போனது ரிலே. சத்தம் வரலன்னா மல்டிமீட்டர எடுத்து கம்ப்ரஸரோட மூணு பின்னுக்கும் நடுவுல ரெஸிஸ்டன்ஸ் (ஓம்ஸ்) பாருங்க, ரெண்டு சின்ன ரீடிங்கைக் கூட்டினா பெரிய ரீடிங் வரணும். வந்தா வைண்டிங், அதாவது உள்ள சுத்தியிருக்கிற ஒயர், நல்லா இருக்குன்னு ஓரளவுக்கு நம்பலாம், ஏதாவது ஒரு பின்னுக்கும் பாடிக்கும் கன்டின்யூட்டி (கரண்ட் போறதுக்கு வழி) காட்டினா கம்ப்ரஸர் முடிஞ்சுது. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்னா இந்தக் கதை செல்லாது, அதுல ரிலே கிடையாது, மூணு ரீடிங்கும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கும், அதை ஓட்டுறதே ஒரு தனி போர்டு. இன்னொண்ணு, மேல ஃப்ரீஸர் நல்லா இருக்கு கீழ மட்டும் கூல் ஆகலன்னா உடனே காஸ் போச்சுன்னு சொல்லிடுவாங்க, ஆஃப் பண்ணி கதவைத் திறந்து வச்சு ஐஸ் முழுசா உருகின அப்புறம் போட்டுப் பாருங்க, சில நாள் ஒழுங்கா ஓடி மறுபடி அதே பிரச்சனை வந்தா பெரும்பாலும் ஐஸ உருக்குற டிஃப்ராஸ்ட் ஹீட்டர் இல்லன்னா அதோட சென்சார்தான். காஸ் சமாச்சாரத்துல மட்டும் நாம கை வைக்கவே கூடாது, இப்ப வர்ற நிறைய ஃப்ரிட்ஜ்ல ஆர்600ஏ-ன்னு ஸ்டிக்கர் இருக்கும், அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற காஸ்.

வாஷிங் மெஷின்ல தண்ணி வெளிய போகலன்னா முதல்ல கீழ ஓரத்துல இருக்கிற பம்ப் ஃபில்டரத் திறங்க, காசு, ஹேர்பின், ஒத்தை சாக்ஸ்னு ஒரு பொக்கிஷமே இருக்கும். டிரம் சுத்தலன்னா, பெல்ட் போட்ட பழைய மாடல்ல, சந்தேகம் கார்பன் பிரஷ் மேல. பின் பலகையக் கழட்டி, ஒயர் எது எங்க போகுதுன்னு போன்ல ரெண்டு மூணு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, பெல்ட்ட விலக்கி, மோட்டார் போல்ட்ட எடுத்தா மோட்டார் கைக்கு வந்துடும், வெயிட்டா இருக்கும் பாத்து. ரெண்டு பக்கமும் பிரஷ் ஹோல்டர் இருக்கும், உள்ள இருக்கிற கார்பன் கட்டை தேஞ்சு குட்டியாகி, ஸ்பிரிங் தள்ளினாலும் காப்பர் வளையத்தத் தொட முடியாம நிக்கும், சுத்தி ஒரே கறுப்புப் பொடியா இருக்கும். மாத்தும்போது ரெண்டையும் சேத்து மாத்தணும். புதுசு போட்டதும் லேசா பொறி பறக்கும், பயப்பட வேணாம், கட்டை வளையத்தோட வளைவுக்கு தேஞ்சு செட் ஆனதும் அடங்கிடும். பேரிங் போனா மட்டும் நான் யோசிப்பேன், பேரிங் விலை ஒண்ணும் இல்ல, ஆனா நிறைய மாடல்ல டிரம்ம சுத்தி இருக்கிற வெளி டப்ப கம்பெனிக்காரன் ஒட்டியே அனுப்புறான், திறக்கவே முடியாது, டப் செட்டையே மாத்தணும். யூரோப்பியன் யூனியன்ல 2021 மார்ச்ல இருந்து ஒரு ரூல், வாஷிங் மெஷினுக்கு அந்த மாடலோட கடைசி பீஸ் மார்க்கெட்டுக்கு வந்து குறைஞ்சது 10 வருஷத்துக்கு பார்ட்ஸ் கெடைக்கணும், ஆர்டர் போட்டா 15 வேலை நாளுக்குள்ள அனுப்பணும். நல்ல ரூல்தான், ஆனா அங்க சாதாரண ஜனங்க நேரா வாங்க முடியற பார்ட் லிஸ்ட்ல பேரிங் இல்ல, அது மெக்கானிக்குக்கு மட்டும்தான்.

தெர்மல் ஃப்யூஸ், அதாவது அளவுக்கு மேல சூடானா கரண்ட்டக் கட் பண்ற பார்ட், போயிருந்தா சும்மா ஒயர வச்சு ஜாயிண்ட் அடிச்சு ஓட்டுறவங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க. அது காரணம் இல்லாம போகாது, எதனால சூடாச்சுன்னு தேடணும், மாத்தும்போது அதே டெம்பரேச்சர் நம்பர் பாத்து வாங்கி கிரிம்ப் பண்ணணும் (ஒயர அழுத்தி இறுக்கணும்), சால்டர் வச்சா அந்தச் சூட்லயே புதுசும் போயிடும்.

மைக்ரோவேவ் அவனத் திறக்கவே திறக்காதீங்க. உள்ள இருக்கிற கெபாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல போகும், பிளக்கைப் பிடுங்கின அப்புறமும் சார்ஜ் தங்கியிருக்கும், ஆளையே கொல்லும். அது ஒண்ணுக்கு மட்டும் நான் ரிப்பேர் கட்சி கிடையாது.

சரி, உயிரே போச்சு, செகண்ட் ஹேண்ட்தான் வாங்கணும்னா? ஃப்ரிட்ஜ் பாக்கப் போறதா இருந்தா முன்னாடியே சொல்லி ஆஃப் பண்ணி வைக்கச் சொல்லுங்க, நீங்க நிக்கும்போது சூட்டுல இருந்து ஸ்டார்ட் ஆகணும், ஏற்கனவே சில்லுன்னு இருக்கிறதக் காட்டுறதுல ஒரு அர்த்தமும் இல்ல. ஒரு தாள கதவு ரப்பர்ல சொருகி மூடி இழுத்துப் பாருங்க, ஈஸியா வந்தா ரப்பர் போச்சு. வாஷிங் மெஷின்னா காலி டிரம்ம கையால சுத்துங்க, கரகரன்னு சத்தம் வந்தாலோ, மேல தூக்கினா தனியா லொடலொடன்னு ஆடினாலோ கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஸ்பின்ல ஏரோப்ளேன் கிளம்புற மாதிரி கேட்டா பேச்சே வேணாம். ஃப்ரண்ட் லோடுன்னா டிரான்ஸிட் போல்ட், அதாவது கொண்டு போகும்போது டிரம் ஆடாம பிடிக்கிற போல்ட், இருக்கான்னு கேளுங்க, அது இல்லாம வண்டில ஏத்தினா வீடு வந்து சேர்றதுக்குள்ள ஷாக் அப்சார்பர் அடி வாங்கும். ஃப்ரிட்ஜ படுக்க வச்சுக் கொண்டு வந்தா உடனே போடாதீங்க, கம்ப்ரஸர் ஆயில் லைனுக்குள்ள ஏறியிருக்கும், சில மணி நேரம் நிக்க வச்சு அப்புறம் போடுங்க.

ஆனா எனக்குப் பிடிச்ச செகண்ட் ஹேண்ட் வேற ரகம், ஓடாத மெஷின். நம்ம மாடல் நம்பரே, வேற காரணத்துக்காக செத்தது, இரும்பு விலைக்குத் தள்ளிவிடத் தயாரா இருப்பாங்க. நம்மளுது மெஷின ஓட்டுற எலக்ட்ரானிக் போர்டு போச்சு அவங்களுது பேரிங் போச்சுன்னா ரெண்டையும் சேத்து ஒண்ணு பண்ணிடலாம், போர்டு புதுசா வாங்கறதவிட பெரும்பாலும் கம்மியா முடிஞ்சிடும். கதவுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போகுதான்னு பாருங்க, ஒரு எழுத்து மாறினாலே உள்ள வேற போர்டு இருக்கலாம். பிரிக்கும்போது போர்டு, மோட்டார், பம்ப், டோர் லாக், நாப் இதெல்லாம் எடுத்து வச்சுக்கோங்க. ரப்பர், பெல்ட், கார்பன் பிரஷ் மட்டும் அதுல இருந்து எடுக்க வேணாம், அதுக்கும் நம்மளுது வயசுதான், அதப் புதுசாவே வாங்கிடுங்க.