மதுரை, மேல மாசி வீதி, மூன்றாவது மாடி

மே 4, 2025, ஞாயிறு

ஜன்னலைத் திறந்தால் மாசி வீதி. சித்திரைத் திருவிழாத் தேர் இந்த வழியாகத்தான் போகும். அதற்காகத்தான் இந்த அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அடுப்பு எதுவும் கூடாது, கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கீழேயே சொல்லிவிட்டார்கள்.

ஊரிலிருந்து வந்த சாமான்: ஒன்றரை லிட்டர் கெட்டில், அகல வாய் பிளாஸ்க், இரண்டு தட்டு, கத்தி, வறுத்த சம்பா ரவை, சிவப்பு அவல், இட்லிப்பொடி, நல்லெண்ணெய், நாரத்தங்காய். டம்ளர் மூன்று இருக்கிறது. நான் இரண்டுதான் எடுத்து வைத்தேன்.

மே 5, திங்கள்

மூன்று வேளையும் ஓட்டல். இரண்டு பேருக்கு 430 ரூபாய். பணம் போனால் போகட்டும், ராத்திரி அம்மாவுக்குச் சுகர் பார்த்தால் 238. மாத்திரை போட்டுவிட்டு அரை மணி நேரம் டேபிளுக்குக் காத்திருந்தோம், அதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பசித்தவுடன் கொடுக்க, கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும். நாளையிலிருந்து காலையும் இரவும் அறையில்தான்.

மே 6, செவ்வாய்

பிளாஸ்க்கில் ரவை போட்டு வெந்நீர் ஊற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் மேலே தண்ணீர், அடியில் நறநறவென்று ரவை. அம்மா ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

தம்பிக்கு இரண்டு தடவை போன். எடுக்கவில்லை.

மே 7, புதன்

வந்துவிட்டது! தப்பு என்னவென்றால், நேற்று பிளாஸ்க் ஆறிக் கிடந்தது. ஊற்றிய சூட்டில் பாதியை அதுவே குடித்துவிட்டது. இன்று அதிகாலை முதலில் வெறும் வெந்நீர் நிறைய ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் வைத்தேன். அதைக் கொட்டிவிட்டு அரை டம்ளர் ரவை, கல்லுப்பு, உடனே கொதிக்கக் கொதிக்க மூன்று டம்ளர் தண்ணீர். இறுக்கி மூடி, நன்றாகக் குலுக்கி, படுக்கை வசத்தில் தலையணைக்கும் சுவருக்கும் நடுவே சாய்த்தேன். நிமிர்த்தி வைத்தால் ரவை அடியில் கட்டிக்கொள்கிறது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு குலுக்கு. மூன்று மணி நேரம் விட்டுத் திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது. ஒவ்வொரு ரவையும் பூத்து, விரலால் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி. மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டேன். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள். இரண்டு பேர் வயிறும் நிறைய, மொத்தச் செலவு இருபது ரூபாய் வருமா?

அம்மா மூன்றாவது டம்ளரில் கொஞ்சம் ஊற்றி மூடி வைத்தாள். மத்தியானம் நான்தான் குடித்தேன்.

மே 8, வியாழன்

காலையில் திருக்கல்யாணம். எட்டு மணிக்கே கூட்டம், கோயிலுக்குள் போக முடியவில்லை. வெளியே திரையில் பார்த்துக் கும்பிட்டோம். சுற்றிலும் பெண்கள் தாலிச் சரடு மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் சேதுபதி பள்ளியில் கல்யாணச் சாப்பாடு. மீனாட்சி கல்யாணத்துக்கு வந்தவர்கள் மொய் எழுதாமல் போவதில்லை. அம்மா முந்தானையிலிருந்து 101 ரூபாய் எடுத்தாள். பெயர் கேட்டார்கள். தம்பி பெயரைச் சொன்னாள். ஊர் கேட்டதும், ‘செல்லூர்’ என்றாள். செல்லூரை விட்டு நாங்கள் போய்ப் பதினெட்டு வருஷம்.

இரவு ஒன்றும் வேண்டாம் என்றாள். வற்புறுத்தி ஒரு வெள்ளரிக்காய், மோர்.

மே 9, வெள்ளி

தேர் வந்தது. முதலில் சுவாமி, பின்னால் மீனாட்சி. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. சுகர் 162.

மே 10, சனி

வெயில். தயிர் பாக்கெட் காலையில் வாங்கினால் மத்தியானமே புளித்துவிடுகிறது. இனி சின்னப் பாக்கெட்தான், அவ்வப்போது. அவலைக் கழுவி, வெந்நீர் தெளித்து, பத்து நிமிடம் மூடி வைத்துத் தயிர் விட்டால் போதும், நாரத்தங்காய் தொட்டுக்கொள்ள.

நேற்று முன்தினம் கீழ மாசி வீதியில் பச்சைப்பயறு கால் கிலோ வாங்கி ஊறப்போட்டேன். நேற்று காலை ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டேன், இந்தச் சூட்டில் ஒரே நாளில் முளை விட்டுவிட்டது. மேலே கொதிநீர் ஊற்றித் தட்டால் மூடி, வடித்து, எலுமிச்சை, உப்பு, தேங்காய்ப் பல். அம்மாவுக்கு இதைவிட நல்லது வேறென்ன கொடுத்துவிட முடியும் என்று தோன்றியது.

மதியம் அம்மா உணவகம். சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சூடாக, சுத்தமாக இருந்தது. பக்கத்தில் சாப்பிட்ட பெரியவர் திருவிழாவுக்காகத் தேனி பக்கமிருந்து நடந்தே வந்தாராம்.

சாயங்காலம் அம்மாவின் பிடிவாதத்தில் அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்தது இதுதான். திறந்த வாரமே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லூரிலிருந்து போனாளாம். ‘தக்காளியைக் கையில கொடுத்தாத்தான் அழுகைய நிறுத்துவான்’ என்றாள். தக்காளி அரைக் கிலோ வாங்கினாள். அறையில் அதை வைத்து என்ன செய்ய? நான் கேட்கவில்லை.

அழகர் மலையிலிருந்து கிளம்பிவிட்டார்.

போன். எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு அம்மாவைக் கூட்டிப்போகவில்லை, அந்த நெரிசலில் தாங்க மாட்டாள். நாளை விடியலில் அழகர் வைகை ஆற்றில் இறங்குகிறார். ராத்திரி இரண்டு மணிக்கே கிளம்பினால்தான் கரையில் நிற்க இடம் கிடைக்கும். கையில் பிளாஸ்க்கோடு போகலாம்.

மாலை 6.40க்கு அவனே கூப்பிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை, ‘அம்மாட்ட கொடுக்கா.’ அம்மா, ‘ம்... ம்... சாப்பிட்டியாய்யா?’ என்று மட்டும் கேட்டாள். வைத்துவிட்டு, திருப்பூரில் பஸ் ஏறிவிட்டானாம் என்றாள். அப்படித்தான் சொன்னானா, இவள் அப்படிக் கேட்டுக்கொண்டாளா, தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப்.

மணி 10.15. தக்காளியைக் கழுவி ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். ரவை முக்கால் டம்ளர் போட்டேன், தண்ணீர் நாலரை. பிளாஸ்க் கழுத்து வரை நிற்கிறது. குலுக்க முடியவில்லை, கரண்டியால் கிண்டி