ஏத்த முதல் விலை

கிளிநொச்சி உருத்திரபுரத்தில் அம்மாவின் வீட்டுக் கோடிப்புறத்தைத் துப்புரவாக்க எனக்கும் அக்காவின் மகனுக்கும் இரண்டு நாள் பிடித்தது. 2010இல் மீளக் குடியேறியபோது தந்த தகரங்களில் மிஞ்சிக் கிடந்த ஏழு, துருவேறிய தண்ணீர்ப் பம்பு ஒன்று, முன்சில் இல்லாத இரண்டு சைக்கிள், அடி ஓட்டையான அலுமினியக் கிடாரம், குத்துவிளக்கொன்றின் பித்தளை அடிப்பாகம், செத்துப்போன மோட்டார்சைக்கிள் பற்றறி. மூன்றாம் நாள் காலை, ஒலிபெருக்கி கட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பியது. "பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம், பழைய பற்றறி..."

அம்மா படலையில் நின்று கையைக் காட்டினார். இறங்கி வந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கொளுக்கித் தராசை எடுத்துக்கொண்டு நேரே தகரத்தடிக்குப் போனார்.

"பொறு தம்பி" என்றார் அம்மா.

குசினிக்குள் போய், முதல்நாள் சங்கக்கடையில் வாங்கி இன்னும் வாய் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கொளுக்கியில் மாட்டினார். தராசு 4.6 காட்டியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தம்பியும் ஒன்றும் சொல்லவில்லை. பையைக் கழற்றி, பட்டனை அழுத்திப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப மாட்டினார். 5.0.

"இப்ப நிறு. இரும்பு வேற, பித்தளை வேற, அலுமினியம் வேற."

நான் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அரிசிப் பையை நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வெகு பிந்தித்தான் கொண்டுபோனேன். முதலே கொண்டு போயிருந்தால் 576 டொலர் மிஞ்சியிருக்கும்.

நாங்கள் கனடாவுக்கு வந்தது 2012இல். அடுத்த வருடம் பேஸ்மென்ற் ஒன்றில் இருந்து இன்னொரு சின்ன வீட்டுக்கு மாறினோம். முன்னர் இருந்தவர்கள் விட்டுப்போன சாமான் அப்படியே கிடந்தது. பெரிய செற்றி ஒன்று, இரண்டு மெத்தை, வேலை செய்யாத பிரிட்ஜ். "நீங்களே எடுத்துவிட்டால் வாடகையில் கொஞ்சம் கழிப்பேன்" என்றார் வீட்டுக்காரர். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத் துண்டில் "99 டொலரில் இருந்து" என்று போட்டிருந்தது. அந்த "இருந்து" என்ற சொல்லை நான் வாசித்தேன், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். வணக்கம் சொல்லி முடிய முதல் செற்றி லொறிக்குள் போய்விட்டது. பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, ஒருவர் கதவடியில் வந்து நின்று கணக்குச் சொன்னார். லொறியில் பிடித்த இடத்துக்கு 380, பிரிட்ஜுக்கு 50, மெத்தை ஒன்றுக்கு 40 படி 80, அதற்கு மேல் 13 வீத வரி. மொத்தம் 576 டொலர் 30 சதம். வேண்டாம் என்றால் திரும்ப இறக்கி வைப்போம், அதற்கும் கூலி உண்டு என்றார். அந்த நேரம் என் கணவர் கிழமைக்கு ஆறு நாள் இரவு வேலை. ஒரு கிழமைச் சம்பளத்தில் பெரும்பங்கைக் கைக்காசாக எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை, அவர்கள் தரவுமில்லை.

ஆங்கிலம் போதாமல் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய காரணம் வேறு. போர் முடிவில் எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் மாதக்கணக்காக வரிசையில் நின்ற உடம்பு அது. தருவதை வாங்கு, கேட்டதைக் கொடு, வாய் திறக்காதே என்று பழகியிருந்தது. சீருடை போட்ட இரண்டு ஆண்கள் வாசலில் நின்று ஒரு தொகை சொன்னால், அது விலை என்று எனக்குப் படவில்லை, உத்தரவு என்றே பட்டது. எங்கள் ஊர்ச் சனம் பலரிடம் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. அதனாலேயே இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருந்தது. குப்பையைக் கொண்டுபோகக் காசு கொடுப்பது எங்களுக்குத் தெரியாத வழக்கம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த பிள்ளை நான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த வெளிச்சத்தில் படித்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டோம். வெறும் போத்தலுக்கும் விலை இருந்த காலம் அது. வன்னியில் பழைய சாமான் கொடுத்தால் காசு வரும். ஸ்காபரோவில் பழைய சாமான் கொடுக்கக் காசு போகும் என்பதை என் தலை ஏற்க ஒரு வருடமாவது ஆனது.

அக்காவின் மகன் அடுத்த மாதம் ரொறன்ரோவுக்குப் படிக்க வருகிறான். தகரத்தை அடுக்கிக்கொண்டே கேட்டான்: "சின்னம்மா, உண்மையாவே அங்க குப்பைக்கும் காசு குடுக்கோணுமோ?"

"எல்லாத்துக்கும் இல்லை" என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் மாநகரசபை. ரொறன்ரோவில் சபையின் குப்பைத் தொட்டி உள்ள தனி வீடு என்றால், செற்றி, மெத்தை, பிரிட்ஜ் போன்ற பெரிய சாமான்களைக் குப்பை எடுக்கும் நாளில் வீதியோரம் வைத்தால் சபையே எடுத்துக்கொண்டு போகும். தனியாகக் காசு இல்லை. 311 இலக்கத்துக்கு அடித்தால் எந்த நாள், எப்படி வைப்பது என்று சொல்வார்கள். தமிழில் பேச வேண்டும் என்றாலும் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள். நான் 576 டொலர் கொடுத்து ஏற்றிய நாலு சாமானும் அந்தப் பட்டியலில் இருந்தவை. அதைத் தெரிந்துகொண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மாடிக் கட்டடங்களில் இருப்பவர்கள் கட்டடப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும். மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் போன்ற அயல் நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் தன் தன் விதி உண்டு, ரொறன்ரோவை வைத்து அவற்றை நினைக்கக் கூடாது.

இரும்புச் சாமானுக்கு அங்கேயும் ஆள் உண்டு. குப்பை நாளுக்கு முதல்நாள் மாலை பிக்கப் வண்டிகள் மெதுவாக வீதி வீதியாக ஊரும். பழைய அடுப்பு, கட்டில் சட்டம், சைக்கிள் எதுவும் விடியும்வரை நிற்காது. ஒலிபெருக்கி மட்டும்தான் இல்லை. ஆகவே காசு கொடுத்து லொறி பிடிக்க முதல் இரும்பைப் பிரித்து வெளியே வைத்துவிட்டால், லொறியில் அவ்வளவு இடம் மிச்சம்.

நல்ல நிலையில் உள்ள தளபாடத்தை எறியவே தேவையில்லை. ரொறன்ரோவில் பேர்னிச்சர் பாங்க் என்ற தொண்டு நிறுவனம், வீட்டில் ஒன்றுமில்லாமல் தொடங்கும் குடும்பங்களுக்கு அவற்றைக் கொடுக்கிறது. வந்து எடுக்கக் கட்டணம் வாங்குவார்கள், ஆனால் கொடுத்த பொருளுக்கு வருமான வரியில் காட்டத்தக்க பற்றுச்சீட்டுத் தருவார்கள். அப்படிக் கொடுத்த ஒரு மேசையில் வன்னியில் இருந்து வந்த பிள்ளை யாராவது படிக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் கொடுத்தேன்.

வர்ணம், பழைய பற்றறி, காஸ் சிலிண்டர் இவற்றை லொறிக்காரர்கள் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். சபையின் நச்சுக் கழிவு வாங்கும் இடத்துக்கு நாங்களே கொண்டு போகலாம்.

இதெல்லாம் போக, லொறி வேண்டித்தான் வரும் நாள் ஒன்று வரும். எனக்கு அது 2021இல் வந்தது. நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பேஸ்மென்றில் பலகைத் தட்டுகள், உடைந்த அலுமாரி, கிழித்தெடுத்த கார்ப்பெற், சுவர்ப் பலகை என்று மலைபோலக் கிடந்தது. வீடு உடைத்த கழிவைச் சபை வீதியோரத்தில் எடுக்காது.

இந்த முறை அம்மாவுக்கு அடித்தேன். லொறி, கன அளவு ஒன்றும் அவருக்குத் தெரியாது. "தராசு ஆற்றை பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அவன்ரை தராசில நிறுத்தால் அவன்ரை நிறை, உன்ரை அரிசியை மாட்டிப் பார் என்றார்.

அங்கே தராசு என்பது லொறிப் பெட்டி. விலை நிறைக்கு அல்ல, பிடிக்கும் இடத்துக்கு. அரைக்கால், கால், அரை, முக்கால், முழு லொறி என்று போடுவார்கள். கல், மண், கொங்கிறீற் மட்டும் நிறையில் போகும். ஒருவரின் கால் லொறி இன்னொருவரின் அரை லொறியாக இருக்கலாம், ஏனென்றால் பெட்டி ஒரே அளவில்லை. பெட்டி எத்தனை கன யார் என்று கேட்காமல் இரண்டு விலையை ஒப்பிடவே முடியாது.

சாமான் முழுவதையும் வீட்டு முன்னால் ஏற்றி இறக்க வசதியான இடத்தில் நெருக்கமாக அடுக்கினோம். படி ஏறி இறங்கும் கூலி அதோடு போனது. அளவு ரேப்பைப் பிடித்தேன். நீளம் 8 அடி, அகலம் 5, உயரம் 4. பெருக்கினால் 160 கன அடி. ஒரு கன யார் 27 கன அடி, ஆக ஏறக்குறைய 6 கன யார். படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்பினேன். விலை எவ்வளவு, வரி சேர்த்தா, மாடிப்படிக்கு மேலதிகமா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று நாலு கேள்வி. கடைசிக் கேள்விக்குப் பதில் தராதவரை விட்டுவிட்டேன். மலிவு விலைக்கு வாங்கிக் காட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தக் குவியலுக்குள் எங்கள் முகவரி போட்ட கடித உறை கிடந்தால் தேடி எங்களிடம் வருவார்கள்.

வந்த லொறியின் பெட்டி நீளம் 10 அடி, அகலம் 8, உயரம் 5. அதாவது 400 கன அடி. வந்தவர் குவியலைப் பார்த்துவிட்டு "முக்கால் லொறி, 460" என்றார். நான் ரேப்பை அவர் கையில் கொடுத்தேன். 400இல் 160 பாதிக்கும் குறைவு என்று சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் சொன்னேன். அவர் அளந்து பார்த்தார். அலுமாரியைக் கழற்றிப் பலகையாக்கி அடுக்கினால் அரை லொறி போடலாம் என்றார். கணவர் சுத்தியலை எடுத்தார். 330, வரியோடு 372 டொலர் 90 சதம். அதைக் கைபேசியில் எழுத்தாக அனுப்பச் சொல்லி, வந்த பிறகுதான் முதல் பலகையைத் தூக்க விட்டேன்.

எழுத்து ஏன் என்றால், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் எங்கள் பக்கம் நிற்கிறது. ஒப்பந்தத்தில் மதிப்பீடு ஒன்று போட்டிருந்தால், அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி வாங்க முடியாது. 330 என்று எழுதினால் வரிக்கு முன் 363தான் எல்லை. வரி வாங்குகிறவர் தன் பதிவு இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். பதிவில்லாதவர் வரி என்று சொல்லிக் காசு வாங்கவே கூடாது. 2013இல் பற்றுச்சீட்டே இல்லாமல் நான் கொடுத்த 66 டொலர் 30 சதம் எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் மனம் கேட்கும்.

அக்காவின் மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மம்மாவைத்தான் கூட்டிக்கொண்டு போகோணும்" என்றான்.

இதற்குள் அந்தத் தம்பி இரும்பை நிறுத்து முடித்திருந்தார். தகரத்துக்கு அடியில் இருந்து மண் ஒட்டிய குழாய்த் துண்டொன்றை மகன் எடுத்து நீட்டினான். தம்பி கையை நீட்டவில்லை. "வையுங்கோ, மெல்ல நிலத்தில வையுங்கோ" என்று இரண்டடி பின்னால் போனார். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பழைய இரும்பு பொறுக்கப் போய், வெட்டும்போது வெடித்துக் கை போனவர்களும் உயிர் போனவர்களும் இந்த மண்ணில் இருக்கிறார்கள். குனிந்து, தொடாமல், இரண்டு பக்கமும் நெடுநேரம் பார்த்தார். இரண்டு வாயும் திறந்த வெறும் தண்ணீர்க் குழாய். அதன் பிறகுதான் தூக்கினார். அதற்கு அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டி, "நல்லது தம்பி, அப்பிடித்தான் பார்க்கோணும்" என்றார். தராசுப் பிணக்கு அந்த இடத்தில் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

கடைசியாகக் கிடாரம். 2009இல் போருக்குள் மாத்தளன்வரை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போன கிடாரம் அது. அதில்தான் எங்களுக்கும் பக்கத்துப் பங்கருக்கும் கஞ்சி காய்ச்சினோம். அம்மா அதை விற்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதையும் கொளுக்கியில் மாட்டினார்.

தம்பி கிலோவுக்கு ஒரு விலை சொன்னார். அடி கருகியிருக்கு, மண் பிடிச்சிருக்கு என்று குறைத்தார்.

"கருகினால் நிறை குறையுமோ?" என்றார் அம்மா. "சொன்ன அலுமினிய விலை எல்லா அலுமினியத்துக்கும். இல்லையெண்டா இருக்கட்டும், கோழிக்குத் தண்ணி வைப்பன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மற்றவற்றுக்குக் காசை எண்ணிக் கொடுத்து, லாண்ட்மாஸ்டரை எடுத்தார். அம்மா கிடாரத்தைத் தூக்கிக் கிணற்றடிக்கு நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி ஒழுங்கை முடக்குவரை போனது. பிறகு குரல் நின்றது, எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மகன் படலைக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தான்.

"அம்மம்மா, திருப்புறார்."