பிந்தி வந்தவருக்கு முதல் பூஜை

அம்மாச்சியின் முதல் வருஷத் திதியை ராமேஸ்வரத்தில் கொடுக்கலாம் என்று மாமா சொன்னபோது வீட்டில் யாரும் மறுபேச்சு பேசவில்லை. காசிக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அது கைகூடவில்லை. ராமேஸ்வரத்துக்கு மட்டும், யார் கூப்பிட்டாலும் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் போனதெல்லாம் 1914-ஆம் ஆண்டுப் பாம்பன் ரயில் பாலத்தில். நாங்கள் போனது 2025-ல் திறந்த புதிய பாலத்தில். ரயில் கடல்மேல் ஏறியதும் அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து கும்பிட்டாள்.

அக்னி தீர்த்தம் என்பது கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடல்தான். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை, குளம் மாதிரி கிடக்கிறது. கரையில் வரிசையாகக் குடும்பங்கள். எங்களுக்கு அமைந்த குருக்கள் அவசரப்படாத மனிதர். பச்சரிசி மாவில் எள்ளைக் கலந்து பிண்டம் பிடிக்கச் சொல்லிவிட்டு, "அம்மா பேரு?" என்றார். மாமாவுக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. வாழ்நாளெல்லாம் ஆத்தா என்றே கூப்பிட்டவர். பின்னால் நின்ற அம்மா சொன்னாள். அம்மாச்சியின் மாமியார் பெயர், அவளுக்கும் மாமியார் பெயர் என்று குருக்கள் அடுத்தடுத்துக் கேட்க, அதையும் அம்மாவே சொன்னாள். அந்தப் பெயர்களை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். மாமாவின் விரலிடுக்கில் எள் ஒட்டிக்கொண்டு தண்ணீரில் விழ மறுத்தது. மூன்றாவது தடவை உதறியபோதுதான் போனது.

அப்புறம் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்று விளிம்பில் கயிறு கட்டிய வாளியோடு ஆள் நிற்பார். இறைத்த வேகத்தில் தலையில் ஊற்றிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். இங்கே பக்தியைவிட முதலில் வருவது சிரிப்புதான். முன்பின் தெரியாதவர்கள்கூடச் சொட்டச் சொட்ட ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அம்மாச்சியின் உத்தரவு ஒன்று இருந்தது: "கிணத்துக்குக் கிணறு ரெண்டு சொட்டு வாயில விட்டுக்க. இத்தனை பக்கத்துல கடல் இருக்கே, உப்புக் கரிக்குதான்னு பாரு." விட்டுப் பார்த்தேன். கரிக்கவில்லை. கங்கா, யமுனா, கயா என்று மூன்று கிணறுகள் பக்கம் பக்கமாக வரும். கயாவின் முன்னால் அம்மா இன்னொரு வாளி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஈரத்தோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். கைத்தறிச் சேலை கட்டிப் போகிறவர்கள் கவனிக்க: நனைந்தால் அதன் கனம் தனி. உடை மாற்றிக்கொண்டு உள்ளே போனோம்.

இந்தக் கோயிலில் ஒரு முறை உண்டு. மூலவர் ராமநாதருக்கு முன்பாக விசுவநாதருக்குத்தான் பூஜை. ராவணனைக் கொன்ற தோஷம் தீர லிங்கம் வைத்துப் பூஜிக்க நினைத்த ராமர், அனுமனைக் கைலாசத்துக்கு அனுப்புகிறார். நேரம் நெருங்கியும் ஆளைக் காணோம். சீதை மணலில் லிங்கம் பிடிக்க, அதற்கே பூஜை முடிந்துவிடுகிறது. அப்புறம் வந்த அனுமனுக்குக் கோபம். மணல் லிங்கத்தை வாலால் சுற்றி இழுக்கிறார், அசையவில்லை. ராமர் சமாதானம் செய்து, அவர் கொண்டுவந்ததை வடக்கே வைத்து, முதல் பூஜை இதற்குத்தான் என்கிறார்.

இதை அம்மாச்சி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். முடிவில் அவளுடைய சொந்தச் சரக்கு ஒன்று வரும்: "பிந்தி வந்த பிள்ளைக்குத்தான்டி முதச் சோறு போடணும். அதுதான் பசியில வந்திருக்கும்." வீட்டிலும் அப்படித்தான் செய்தாள். பள்ளிக்கூடம் விட்டுக் கடைசியாக வருகிறவருக்குத் தட்டு முதலில் விழும்.

அவள் போனபோது நான் வெளிநாட்டில் இருந்தேன். சித்திரை வெயில், வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் பிரிந்துகொண்டிருந்தது. யார்மேலும் குறை சொல்ல வழியில்லை; ஆனாலும் வருஷம் முழுக்க உள்ளே ஒரு கோபம். விசுவநாதர் முன்னால் நின்றபோது அவள் குரல் அப்படியே காதில் கேட்டது. தீபாராதனையைச் சரியாகப் பார்க்க முடியாதபடி அழுதேன். அம்மா எதுவும் கேட்காமல் முந்தானையை நீட்டினாள். ராமநாதரையும் பர்வதவர்த்தினி அம்மனையும் அதற்குப் பிறகு நன்றாகத் தரிசிக்க முடிந்தது.

மூன்றாம் பிராகாரத்தைப் படத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். சேதுபதிகள் கட்டி முடித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். படத்தில் தெரியாதது தரையின் ஈரம். பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மதியம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலுக்கு முன் அங்கே ரயில் நிலையம் இருந்ததை அம்மாச்சி சின்னப் பெண்ணாகப் பார்த்திருக்கிறாள். இப்போது அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை. சேது மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதுதான் முழு யாத்திரை என்பார்கள். மாமா குனிந்து ஒரு பிடி மணல் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார்.

அந்த முடிச்சு இப்போது மாமா வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. ரயிலா விமானமா என்பதில்தான் அம்மாவுக்கும் அவருக்கும் இன்னும் பேச்சு முடிந்தபாடில்லை.